பத்து ரூபாயில் ஒரு ராணுவ ரகசியம்

அநியாயம் நடந்தது எனக்குத்தான் ஆன்ட்டி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைப் பாதியில் கேட்கிறவர்கள் எல்லாரும் வேறு யாருக்கோ நடந்ததாக நினைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் எழுதிய கட்டுரை ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. புதன்கிழமை அதே பேப்பரில், ஏழாம் பக்கத்தில், கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. "வருந்துகிறோம். பயிற்சி நிருபர் சுடர்விழியின் கவனக்குறைவால் வெளியான செய்தியால்..." சுடர்விழி நான்தான். கவனக்குறைவாம்! அதை எழுத நான் நான்கு நாள் தூங்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. பயிற்சிச் சான்றிதழையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். அது இல்லாமல் பல்கலைக்கழகத்தில் எனக்கு எம்.ஏ. கிடையாது. இரண்டு வருஷப் படிப்பு, ஒரு தாளில் தொங்குகிறது.

நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் அரக்கோணம் அவுட்டரில் நின்ற ரயில் எப்போது கிளம்பும் என்று ரயிலுக்கே தெரியாது. நீங்களும் எங்கேயும் எழுந்து போக முடியாது. வேர்க்கடலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மணவாளன் சார் என்று ஒருத்தர். எங்கள் பேப்பரின் பாதுகாப்புத் துறைச் சிறப்புச் செய்தியாளர். முப்பது வருஷ அனுபவம். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு போட்டோ உண்டு. ராணுவ டாங்கி மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்து நிற்பார். முதல் நாள் பக்தியோடு கேட்டேன், இது எந்தப் போர் சார் என்று. குடியரசு தின ஒத்திகைம்மா என்றார்.

அவருக்குக் கீழேதான் என்னைப் போட்டார்கள். "ராணுவம் உனக்கு ஒத்துவராதும்மா. மகளிர் மலர்ல ஆள் கேக்கறாங்க, கோலம், ஊறுகாய் எல்லாம் இருக்கு" என்றார். நான் நாற்பது நிமிஷம் பேசினேன். பேசி முடித்தபோது அவர் ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டே, "சரிம்மா, ராணுவமே பாரு. ராணுவத்தை நினைச்சாத்தான் பாவமா இருக்கு" என்றார்.

வாராவாரம் உளவாளிகளைப் பற்றி ஒரு தொடர் எழுதுவார். "உளவுத்துறையின் உயர்மட்ட வட்டாரங்கள் நம்மிடம் பகிர்ந்துகொண்டவை" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த உயர்மட்ட வட்டாரம் எது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு நாள் கூடவே போனேன். முன்னாள் ராணுவத்தினர் கேண்டீன் வரிசை! மாதக் கோட்டா பாட்டிலுக்காக வெயிலில் நிற்கிற தாத்தாக்கள். ஒரு தாத்தா சொல்கிறார், "எங்க காலத்துல ஒருத்தன் இருந்தான்பா, எல்லை தாண்டிப் போய் சலூன் வெச்சான். எதிரி கர்னலுக்கே சவரம் பண்ணிட்டு வந்தான்." அடுத்த ஞாயிறு அந்தச் சவரம் பேப்பரில் "அண்மையில்" நடந்திருந்தது. இவருக்கு யாராவது வருத்தம் தெரிவித்துப் பெட்டி போட்டார்களா?

தை மாதம் எங்களை ஒரு ராணுவப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனார்கள். மலை மேல். பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மெயின் ரோட்டில் யானை உயரத்துக்குப் போர்டு வைத்திருக்கிறார்கள், நீங்களே போய்ப் படித்துக்கொள்ளலாம். பதினெட்டு நிருபர்கள், ஒரு பஸ். இறங்கியதும் ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு ஃபைல், இரண்டு சமோசா. எதைப் பார்க்கப்போகிறோமோ அதைப் பற்றிய செய்தி அந்த ஃபைலுக்குள் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. "வீரர்கள் மெய்சிலிர்க்கும் சாகசங்களை நிகழ்த்தினர்." நிகழ்ச்சி ஆரம்பிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் சறுக்கி இறங்கினார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் சிலிர்த்தது. இறங்கி ஒரு கொட்டகைக்குள் பாய்ந்து இரண்டு தீவிரவாதிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். தீவிரவாதிகள் யார் என்றால், அந்த மெஸ்ஸின் சமையல்காரர்கள். ஒருத்தர் செத்து விழுந்த இடம் எறும்புப் புற்று. அதிகாரி மைக்கில் முழங்கிக்கொண்டிருக்கிறார், பிணம் தொடையைச் சொறிகிறது. நான் கை தூக்கினேன்.

"சார், அந்தத் தீவிரவாதி இன்னும் உயிரோட இருக்காரு."

"மேடம், தயவுசெய்து அதை எழுதாதீங்க" என்றார் அதிகாரி. பதினேழு பேர் எழுதவில்லை. நான் எழுதினேன். மணவாளன் சார் அந்த வரியை அடித்துவிட்டார்.

முதலில் கயிற்றில் இறங்கியவர் தமிழர். ஹவில்தார் முனிவேல், குடியாத்தம் பக்கம் கீழ்ச்செம்பேடு. முகம் முழுக்கக் கறுப்பு மை பூசி, பல் மட்டும் தெரிந்தது. பேட்டிக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள்.

"எந்தெந்த ஆபரேஷனுக்குப் போயிருக்கீங்க அண்ணா?"

"ஆபீசரைக் கேளுங்கம்மா."

"போறப்ப பயமா இருக்காதா?"

"ஆபீசரைக் கேளுங்கம்மா."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்தார். "உப்புமா" என்றார். சொன்னவுடன் திரும்பி அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் முடிந்து நான் நோட்டை மூடிய பிறகுதான் அவர் மனுஷனாகப் பேசினார். அடுத்த மாதம் திரும்ப வடக்கே போகிறாராம். "எனக்குப் பேச வராதும்மா. எங்க வீட்டுல செவ்வந்தின்னு இருக்கா பாருங்க, ரேஷன் கடையில வேலை. அவ பேசுவா. அவகிட்ட பேசிட்டு வரிசையில நிக்கறவங்க சண்டை போட வந்ததையே மறந்துடுவாங்க" என்று சொல்லி அந்த மை முகம் வெட்கப்பட்டது. போன் நம்பரையும் அவரேதான் கொடுத்தார். இதைக் கவனியுங்கள் ஆன்ட்டி. நானாகத் தேடிப் போகவில்லை.

பங்குனியில் போனேன். கீழ்ச்செம்பேட்டில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் ராணுவக்காரர் இருக்கிறார். அந்த ஊர்ப் பெண்களிடம் கணவர் எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "வடக்கே இருக்காரு." அவ்வளவுதான். காஷ்மீரும் வடக்கே, கூடூரும் வடக்கே. மேலே ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. உளவுத்துறைக்கு ஆள் எடுக்கிறவர்கள் எங்கெங்கோ தேடுகிறார்கள், அந்த ஊர் ரேஷன் வரிசையில் வந்து எடுக்கலாம்.

செவ்வந்தியக்கா அப்படியில்லை. கடையைச் சாத்திவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். "என்ன பொண்ணு நீ, காத்தடிச்சா பறந்துடுவே போலிருக்கே. ஹாஸ்டல்ல சோறு போடறாங்களா, வாசனை மட்டும் காட்டறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே களி கிளறினார். பக்கத்து அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருந்தன. நான் பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன், அவர் முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னார். எல்லாம் சாதாரணக் கேள்வி, சாதாரணப் பதில்.

அப்போது போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். குழம்பு அடுப்பை அணைத்தார். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கா?"

"போன் கம்பெனிக்காரன். பத்து ரூபா ஏறியிருக்காம்."

"அதுக்கா இப்படி உக்காந்துட்டீங்க?"

போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார். "அவரு போறாருன்னு அர்த்தம். எங்கேன்னு யாரு கண்டா. போறதுக்கு முந்தி பத்து ரூபா ஏத்துவாரு. வாயைத் திறந்து எதுவும் சொன்னாரா? இல்லை. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. முடிச்சிட்டுத் திரும்பி வந்ததும் இன்னொரு பத்து ரூபா ஏறும். அந்த ரெண்டாவது பத்து ரூபா வர்ற வரைக்கும் நான் கவுச்சி தொட மாட்டேன், தலைக்கு எண்ணெய் வெக்க மாட்டேன். நாலு நாளும் ஆயிருக்கு, பதினொரு நாளும் ஆயிருக்கு. ஏழு வருஷமா இப்படித்தான். என் மாமியாருக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கே தெரியாது. உன்கிட்ட ஏன் சொல்றேன்னு எனக்கே தெரியலை. இது வர்றப்ப எப்பவும் வீட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. இன்னிக்கு நீ இருக்கே."

பிறகு எழுந்து எனக்குக் களியும் குழம்பும் போட்டார். தனக்கு மோர் ஊற்றிக்கொண்டார்.

இப்போது சட்டத்தைப் பேசுவோம். எழுதாதே என்று சொன்னாரா? சொல்லவில்லை. ஒரு முறைகூடச் சொல்லவில்லை. என் போன் பாய் மேலேயே ரெக்கார்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒளித்து வைக்கவில்லை, சிவப்புப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. தட்டு வைக்க இடம் போதவில்லை என்று அந்தப் போனைத் தன் கையாலேயே எடுத்து ஜன்னலில் வைத்தவரும் அவர்தான். இதற்கு மேல் சம்மதம் எப்படிக் கொடுப்பார்கள், முத்திரைத்தாளிலா?

இன்னொன்று. பெயரை நான் போடவேயில்லை. "கீழ்ச்செம்பேட்டு நியாயவிலைக் கடையில் பணிபுரியும் செ." என்று மட்டும்தான் எழுதினேன். கணவர் "மு." படத்தில்கூட முகம் தெரியாது, முதுகுதான். கடை போர்டு மட்டும் தெரியும்.

அப்புறம், நான் எழுதியது அவர்களுக்காக! அதைத்தான் ஒருத்தரும் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள். கட்டிய மனைவிக்குக் கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? ஒரு மாபெரும் ராணுவம் ஒரு பெண்ணைப் பத்து ரூபாய்க்குக் காத்திருக்க வைக்கலாமா? இதுதான் என் வாதம். ஆயிரத்து இருநூறு வார்த்தையில் அரசாங்கத்தைப் பிடித்து உலுக்கியிருந்தேன். ஆரம்ப வரி எனக்கு மனப்பாடம். "கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, தேசத்தின் மிகப் பெரிய ரகசியம் பத்து ரூபாயாக வந்து இறங்கியது." எப்படி இருக்கிறது? மணவாளன் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மா சரின்னு சொன்னாங்களா?"

"ரெக்கார்டிங் இருக்கு சார்."

"அப்ப சரி. 'பத்து ரூபாயில் ஒரு ராணுவ ரகசியம்'னு தலைப்பு வெப்போம். ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம்மா, கொஞ்சம் கனமா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை "மணவாளன், சுடர்விழி" என்று வந்தது. அவர் பெயர் முதலில். புதன்கிழமைப் பெட்டியில் யார் பெயர்? என் பெயர் மட்டும். பாராட்டு வரும்போது இரண்டு பேர், செருப்பு வரும்போது ஒரு ஆள். இதற்குப் பெயர் அநியாயம் இல்லை என்றால் வேறு என்ன?

ஞாயிறு முழுக்க என் போன் சூடு ஆறவில்லை. பேராசிரியர் கட்டுரையை வெட்டித் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். திங்கட்கிழமை காலையில் செவ்வந்தியக்கா மூன்று முறை கூப்பிட்டிருந்தார். நான் கருத்தரங்கில் இருந்தேன். "ஊடகமும் பெண் குரலும்." வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்காலம் வேறு வேலை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. அதற்கப்புறம் எப்போதும் எடுக்கவில்லை.

புதன் மாலை ஹாஸ்டலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடையில் ரகசியமாக வந்தார்களாம். பளபளவென்று ஒரே மாதிரி பிரவுன் ஷூ, ஒரே மாதிரி மீசை. வாட்ச்மேன் வாசலிலிருந்தே கத்தினார், "சுடரு, உன்னைப் பார்க்க மஃப்டியில ரெண்டு பேர்!"

"இந்தத் தகவல் உங்களுக்கு எங்கே கிடைச்சுது?" என்றார் ஒருத்தர்.

"கட்டுரையிலயே இருக்கே சார். நீங்க படிக்கலையா?"

"இல்லைம்மா. கட்டிங் இன்னும் மேலேர்ந்து வரலை."

என் போனில்தான் காட்டினேன். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள். பெரியவர் சின்னவரைக் கேட்டார், "பத்து ரூபா டாப்-அப் இன்னுமா இருக்கு? எனக்கு வர மாட்டேங்குதே." வார்டன் கொடுத்த டீயை ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, பேர், ஊர், அப்பா தொழில் எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். உளவு என்றால் இவ்வளவுதான் ஆன்ட்டி. மணவாளன் சார் முப்பது வருஷமாக இதைத்தான் "நிழல் உலகம்" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான் விடவில்லை. ஆசிரியர் அறைக்கே போனேன். தரையில் உட்கார்ந்துவிடுவேன் என்றேன். ஆசிரியர் களைத்த மனிதர். "ஒண்ணு செய். அந்தம்மா, நானே விரும்பித்தான் சொன்னேன், எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுக்கட்டும். சான்றிதழ்ல கையெழுத்துப் போடறேன்" என்றார். சுலபம்தானே? நானே டைப் அடித்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். மூன்றாவது முறையும் அனுப்பினேன். மூன்று அட்டை, ஒரே கையெழுத்து, பதில் இல்லை. நாளையோடு பல்கலைக்கழகத்தில் கடைசித் தேதி. அதனால்தான் இன்றைக்கு நேரிலேயே போய்விட்டு வருகிறேன்.

ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிற நாள். பெண்கள் வரிசை தெருமுனை வரை நின்றது. என்னைப் பார்த்ததும் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"அடியே, பேப்பர்க்காரி வந்துட்டாடி."

"பையைப் பாரு, உள்ள ரெக்கார்டு ஓடுதா கேளு."

"ஏ ரேணுகா, வாயை மூடு. நீ கொட்டாவி விட்டாக்கூட ஞாயித்துக்கிழமை வந்துடும்."

"செவ்வந்தி! உன் விருந்தாளி வந்திருக்கு, எடை கூடவே போட்டு அனுப்பு!"

நான் பதிலுக்குப் பதில் பேசக்கூடியவள். நீங்களே பார்க்கிறீர்கள். "நான் உங்களுக்காகத்தான் எழுதினேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த ரேணுகா பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் வந்தாள். என் வயசுதான் இருக்கும்.

"எனக்காகவா? எங்க வீட்டுக்காரரு வாட்ஸப்புல படம் மாத்துவாரு. முருகர் படம் வெச்சா போறாரு, புள்ளை படம் வெச்சா வந்துட்டாரு. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். நீ எழுதின மறுநாளே ராணுவத்துல இந்த ஊர்க்காரங்க போனையெல்லாம் வாங்கிப் பார்த்திருக்காங்க. இப்ப முருகரும் இல்லை, புள்ளையும் இல்லை. போனே இல்லை. வாரம் ஒரு தடவை ஆபீஸ் போன்ல மூணு நிமிஷம், பக்கத்துல ஒருத்தன் நின்னு கேக்கறான். இந்த வரிசையில ஒன்பது வீடு அப்படி. ஒவ்வொருத்தி ஒவ்வொண்ணு வெச்சிருந்தோம். ஒருத்திது இன்னொருத்திக்குத் தெரியாது. நீ வந்த புண்ணியத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சு என்ன பண்ண?"

முருகர் படம், பிள்ளை படம்! ஒன்பது வீடு, ஒன்பது சைகை! எவ்வளவு பெரிய கட்டுரை அது, நீங்களே சொல்லுங்கள். என் கை தன்னால் பைக்குள் நோட்டுக்குப் போயிற்று. போனதுதான் தாமதம், வரிசை முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கையை வெளியே எடுத்துக்கொண்டேன். எடுத்துவிட்டேன் ஆன்ட்டி, எழுதவில்லை.

செவ்வந்தியக்கா கடைக்குள் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. இளைத்திருந்தார். நான் கம்பிக்கு வெளியே நின்றேன்.

"அக்கா, லெட்டர் கிடைச்சுதா?"

"மூணும் கிடைச்சுது."

"ஒரு கையெழுத்துதானே அக்கா?"

அவர் தராசைப் பார்த்துக்கொண்டே பேசினார். என்னோடு பேசுவது மாதிரி இல்லை, கணக்கு ஒப்பிப்பது மாதிரி. "அவரு அஞ்சாம் நாளே திரும்பி வந்துட்டாரு. வந்ததும் போனை வாங்கிட்டாங்க. எனக்கு இருபத்து நாலாம் நாள்தான் சேதி வந்துச்சு. நடுவுல பத்தொன்பது நாள். ரெண்டாவது பத்து ரூபா ஏறலை. தினம் காலையில கண்ணாடி முன்னால நின்னு, பூ வெச்சுக்கலாமா வேண்டாமான்னு யோசிப்பேன். வெச்சுக்கிட்டா ஒரு பயம். வெச்சுக்கலைன்னா அதைவிடப் பயம்."

"அது ராணுவத்தோட தப்பு அக்கா! அவங்கதானே சொல்லியிருக்கணும்? இதை எதிர்த்து நாம..."

"அரைக் கிலோ. அடுத்த அட்டை" என்றார் அவர்.

"அண்ணன் இப்ப நல்லா இருக்காருல்ல?"

"கமாண்டோவுலேர்ந்து எடுத்துட்டாங்க. பழைய ரெஜிமெண்ட்ல ஸ்டோர்ல போட்டிருக்காங்க. கம்பளி எண்ணிட்டிருக்காரு."

"பாதுகாப்பான வேலைதானே அக்கா?" என்றேன். நியாயமான கேள்விதானே? ஒரு விதத்தில் பார்த்தால் என் கட்டுரை ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஏழு வருஷமா அவரு போகக் கூடாதுன்னு வேண்டாத சாமி இல்லை. இப்ப போகலை. போன்ல ஒரே ஒரு தடவை கேட்டாரு, 'நீயா சொன்னே?'ன்னு. ஆமான்னேன். அதுக்கப்புறம் அந்த மூணு நிமிஷத்துல பிள்ளைங்ககிட்ட மட்டும்தான் பேசறாரு."

எனக்கு அதற்குப் பதில் இருந்தது. இல்லாமலா? அந்த மாதிரி கோபித்துக்கொள்வது ஆணாதிக்கம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பின்னால் அந்த ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். சொல்லவில்லை. கம்பி வழியாக நான் டைப் அடித்த தாளை நீட்டினேன்.

வாங்கி, வரிசையைக் காக்கவைத்துவிட்டு, முழுசாகப் படித்தார். "'எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை'ன்னு போட்டிருக்கே. இருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். சரி, எம்.ஏ. போச்சு என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்தார். குடும்ப அட்டை தொலைந்தவர்களுக்கு அவர்தான் மனு எழுதிக் கொடுப்பாராம், அதற்கு வைத்திருக்கிற தாள். வரிசையில் ஒருத்தி, "என்னடி, இவளுக்குப் போய் எழுதித் தர்றே?" என்றாள். "மனு கேட்டு வந்தா எழுதித்தானே ஆகணும்" என்றார். நிறுத்தி நிதானமாக எழுதினார். நாலாக மடித்துக் கொடுத்தார்.

போன தடவை மாதிரி, சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

காட்பாடியில் ரயில் ஏறின பிறகுதான் பிரித்தேன். இதோ, இதுதான். என் பக்கம்தான் எழுதியிருக்கிறார், சான்றிதழ் கொடுக்கச் சொல்லியே எழுதியிருக்கிறார். நாளைக்கு நிச்சயம் கிடைத்துவிடும். கடைசியில் ஒரு வரிதான் அதிகப்படி. ஜெராக்ஸ் எடுக்கும்போது அடியில் கொஞ்சம் மடித்துவிட்டால் அது விழாது, இல்லையா? பொய் ஒன்றும் இல்லை, சுருக்கம்தான். என்ன, பேசமாட்டேன் என்கிறீர்கள்? படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். கண்ணாடி கொண்டுவரவில்லையா? சரி, நானே படிக்கிறேன்.

"அனுப்புநர்: மு. செவ்வந்தி, விற்பனையாளர், நியாயவிலைக் கடை, கீழ்ச்செம்பேடு. பெறுநர்: ஆசிரியர் அவர்கள். பொருள்: செல்வி சுடர்விழி என்பவருக்குச் சான்றிதழ் வழங்கக் கோருதல் சார்பாக. ஐயா, மேற்படியார் பங்குனி மாதம் என் வீட்டிற்கு வந்ததும் சாப்பிட்டதும் உண்மை. நான் சொன்னதை என் வாயால்தான் சொன்னேன். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எனவே அவருக்கு உரிய சான்றிதழைத் தாமதமின்றி வழங்கிவிடவும். இனி அவரை யார் வீட்டிற்கும் அனுப்ப வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."